பாலைப்பழத் தகரம்

சாமி வந்தது ஒன்பதே காலுக்கு.
வழியில் சைக்கிள் சங்கிலி கழன்று
கையெல்லாம் கிறீஸ்.
சாம்பல் போட்டு உரஞ்சிக் கழுவினார்,
நான்தான் தண்ணீர் வார்த்தேன்.
அதனால் பிரசங்கம் நீளவில்லை.
பிள்ளைகள் அதற்கே தனியாகத் தோத்திரம் சொன்னார்கள்.

கோயில் வாசலில் இவர்
லான்ட்மாஸ்டரை மூன்றுதரம் சுற்றி உயிர்ப்பித்து
"பாலை பழுத்திட்டுது" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
ஏறினோம்.
சோற்றுப் பொதி, தண்ணீர்ப் போத்தல் இரண்டு,
உதட்டுக்கு நல்லெண்ணெய் கொஞ்சம்,
கரடிக்குத் தட்ட ஒரு வெறும் பால்மாத் தகரம்.

வவுனிக்குளக் கட்டு முடிய
புழுதி முடியும், காடு தொடங்கும்.
வெடி எடுத்து முடிந்த துண்டுக்கு வெள்ளைக் கல்,
முடியாததற்குச் சிவப்பு மட்டை.
மட்டையில் இருக்கும் மண்டையோட்டுக்கு
மரிசீலி ஒவ்வொரு முறையும் நாக்கை நீட்டிக் காட்டுவாள்.
அந்தப் பக்கத்துப் பாலைகள்தான்
கொப்பு முறியக் காய்க்கும்.
பார்த்துக்கொண்டு போவோம்.

சவிரி முன்னால், தகரம் தட்டிக்கொண்டு.
சத்தம் கேட்டால் கரடி தானாக விலகும்,
சொல்லாமல் போய் முட்டுப்பட்டால்தான்
முகத்தைத் தேடும் என்பார் இவர்.
பிறகு இவர் மரத்தில்,
நாங்கள் கீழே,
மஞ்சள் மஞ்சளாய்ச் சொரிந்தது.
தொப்பிக்குள், சீலைத் தலைப்புக்குள்,
செபப்புத்தகம் கொண்டுவந்த பைக்குள்.
வாய்க்குள் போனதற்குக் கணக்கில்லை.

தகரச் சத்தம் எப்போது நின்றதென்று
ஒருவருக்கும் தெரியாது.

பற்றைக்குள்
மூக்கடைத்த ஆள் மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம்.
பிறகு கறுப்பாய் அது.
நெஞ்சில் வெள்ளைப் பிறை.
முதுகு மயிரைப் பிடித்தபடி
ஒரு குட்டி.
என் இடுப்பில் மரிசீலி.
இரண்டு தாய்மாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"தட்டடா" என்றார் இவர் மேலிருந்து, வாயசையாமல்.
தட்டினான்.
நனைந்த தலையணையைக் குத்தினதுபோல்
பொத், பொத்.
தகரம் கழுத்துமட்டும் பழம்.

"கொட்டட்டோ அம்மா?"
சொல்ல வெட்கம்,
ஒரு கணம் நான் கணக்குப் பார்த்தேன்.
அரைநாள் பொறுக்கினது.

பெனடிற்றா பார்க்கவில்லை.
பறித்தாள், கவிழ்த்தாள், கல்லால் அடித்தாள்.
கோயிலில் தொங்கும் தண்டவாளத் துண்டுக்கு
மணியடிக்கிறவள் அவள்தான்.
கைக்கு அந்தக் கணக்குத்தான் வந்தது:
மூன்று அடி, ஒரு நிறுத்தம்,
மூன்று அடி, ஒரு நிறுத்தம்.

கரடி
உருண்டு வந்த பழத்தில் வாய் வைத்தது,
நிமிர்ந்தது,
அவசரமில்லாமல் திரும்பிப் போனது.
குட்டிதான் திரும்பித் திரும்பிப் பார்த்தது.
மரிசீலி கை காட்டினாள்.

இறங்கி வந்ததும் இவர்
முதலில் கேட்டது,
எவ்வளவு மிச்சம்?

திரும்பும் வழியில்
"எத்தனை வருசத்துக்குப் பிறகு
ஒரு மிருகத்துக்குப் பயந்தனாங்கள்" என்றேன்.
இன்ஜின் சத்தம்.
கேட்டிருக்காது.
கிளச்சை விட்டு ஒரு கையெடுத்து
என் முழங்காலில் வைத்துவிட்டு
எடுத்தார்.

இரவுச் செபத்துக்கு முழங்காலில் நின்றால்
ஒருவருக்கும் வாய் திறபடவில்லை.
பாலைப் பால், உதட்டை உதட்டோடு ஒட்டிவிட்டது.
சவிரியின் அருள்நிறைந்த மரியே
ம்ம் ம்ம்ம் என்று மூக்கால் வந்தது.
பெனடிற்றா சிரிப்பை அடக்கித் தோற்றாள்.
எண்ணெய்ப் போத்தலை எடுத்து
ஒவ்வொரு வாயாய் விரலால் பூசினேன்,
கடைசியில் இவருக்கும்.

வாய் திறந்த உடனே மரிசீலி,
ஆமென் வருமுன்னமே:
"அந்தக் குட்டிக்கு
ஆரம்மா எண்ணெய் பூசுறது?"

இவர் பார்த்தார், நான் பார்த்தேன்.
செபமாலையில் எந்த மணியில் நின்றோம் என்பது
ஐந்து பேருக்கும் மறந்துபோயிற்று.
முதலிலிருந்து தொடங்கினோம்.