உடைப்புக் கூலி

செவ்வாய்க்கிழமை மூன்று முட்டிகள்.
மூன்றும் முதல் தடவை.
மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கடைசித் தையல் முடிந்து
கீழே வந்தார் டாக்டர் சேந்தன்,
சீனி குறைத்து ஒரு கோப்பி ஓ கேட்டார்.
ஒரே குறியீட்டை மூன்று முறை அடித்தேன்.

வியாழக்கிழமை ஒன்றே ஒன்று.
மேடம் கோர், எழுபத்தொரு வயது, ஆயர் ஈத்தாம்.
பதினோரு வருடத்துக்கு முன்
வேறெங்கோ வைத்த முட்டி
எலும்புக்குள் ஆடத் தொடங்கியிருந்தது,
விழப்போகும் பல் மாதிரி.
எட்டு மணிக்கு உள்ளே தள்ளிய கட்டில்
மூன்றரை வரை வெளியே வரவில்லை.
வழக்கமாக நாலு தட்டு,
இன்றைக்குப் பதினாலு என்று
மேலேயிருந்து நோர்ஹயாத்தி போனில் சொன்னாள்.
உளி, சுத்தியல், ரம்பம்.
தச்சுப் பட்டறையா நடத்துகிறீர்கள் என்று கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.

அட்டவணையில் இதற்கும் ஒரு குறியீடு உண்டு,
முதல் தடவையை விடக் கொஞ்சம் கூடுதலாக.
அந்தக் கொஞ்சத்தைக் கூட்டிப் பார்த்தேன்.
ஒரு பகல் முழுக்க நின்ற காலுக்கு
செவ்வாய்க்கிழமையில் பாதிகூடத் தேறவில்லை.
எத்தனை பை இரத்தம் என்று கேட்கிறது படிவம்.
எத்தனை ஜோடி கையுறை என்று கேட்கிறது.
எத்தனை மணி நேரம் என்று கேட்க
அதில் கட்டம் இல்லை.
பழைய முட்டி எந்தக் கம்பெனி என்று விசாரித்து
மூன்று வாரம் அவர் எழுதிய கடிதங்களை
எங்கே சேர்ப்பது?
அச்சடித்த தாளோடு சேர்த்துப் பின் குத்தினேன்.
அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

வெள்ளிக்கிழமை மகன் வந்தான்.
பட்டர்வொர்த்தில் டயர் கடை,
நகக்கண்ணெல்லாம் கறுப்பு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
மலாயில், மரியாதையாகத்தான் கேட்டான்:
"அதே முட்டிதானே, காக்?
ஒட்டின இடம் மறுபடி ஒழுகினால்
நான் இரண்டாம் தடவை காசு வாங்குவதில்லை.
நீங்கள் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள்."

தப்பென்று சொல்ல வாய் வரவில்லை.
மேலே ஒருவருக்கு இது குறைச்சல்,
எதிரே ஒருவனுக்கு இது அநியாயம்,
இரண்டும் ஒரே தொகை.

ஜெலுத்தோங் பிளாட்டில் என் குளியலறை ஞாபகம் வந்தது.
பழைய டைல்ஸை எடுத்துப் புதுசு போட
ஆ செங் நீட்டிய சீட்டில்
முதல் வரியே ஹேக்கிங்.
உடைக்கிறதுக்கா இவ்வளவு என்று
அரைமணி நேரம் பேரம் பேசினேன்.
"ஒட்டுவது சுலபம் அக்கா,
கீழ் வீட்டுக்காரன் தலையில் விழாமல்
எடுக்கிறேன் பார், அதுக்குத்தான் காசு."
எடுக்க இரண்டு நாள்.
ஒட்ட ஒரு பிற்பகல்.

இதை அப்படியே டயர் கடைக்காரனிடம் சொன்னேன்.
உன் அம்மா எலும்புக்குள்ளேயும் சிமெண்ட்தான் தம்பி,
பதினோரு வருடச் சிமெண்ட்,
எலும்பு பிளக்காமல் அதைக் கொத்தி எடுக்கணும்.

சிமெண்ட்டா என்றான்.
தன் முழங்காலை ஒருமுறை தொட்டுப் பார்த்தான்.
பிறகு, வியாபாரி இல்லையா,
"சரி, ஹேக்கிங் எவ்வளவு? அதைக் காட்டுங்கள்" என்றான்.

திரையை அவன் பக்கம் திருப்பினேன்.
விரல் வைத்து வரிவரியாகத் தேடினான்.
அறை வாடகை. மயக்க மருந்து. பஞ்சு.
கடைசி வரை போய்
மறுபடி மேலிருந்து வந்தான்.
இல்லை.
கார்டை எடுத்து நீட்டினான்,
யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத முகத்தோடு.

ஐந்து மணிக்கு சுங்கை ஆராவிலிருந்து ஒரு போன்.
இடுப்பு ஒன்று இருக்கிறதாம், இரண்டாம் தடவை.
உங்கள் டாக்டர் எடுப்பார் என்று சொன்னார்களாம்.
யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.
எடுக்காதவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

தோளில் ஒட்டிய வலிப்பட்டையை
கட்டைவிரலால் அழுத்தியபடி
"வியாழன் காலியா?" என்றார் அவர்.

காலிதான்.
செவ்வாயில் நாலு புது முட்டிகளை
நெருக்கி அடுக்கியிருக்கிறேன், டாக்டர்,
வியாழனைத் தாங்க.