எதிர்த் தரப்பு

லாஸ் குருசெஸ், வால்நட் தெரு முனை.
சிவப்பு விளக்கு எனக்கில்லை, அவனுக்கு.
இதை ஒன்பது முறை சொல்லிவிட்டேன்.
ஒவ்வொரு முறையும்
'இந்த உரையாடல் பதிவாகிறது' என்று
ஒரு குரல் முன்னால் வந்து நிற்கும்.

அவன் பெயர் ரமிரோ ஒர்னெலாஸ்.
பிக்அப் வண்டி நிறைய வெங்காய மூட்டை.
மோதிய வேகத்தில் ஒரு மூட்டை பிரிந்து
உடைந்த கண்ணாடி வழியே
இரண்டு வெங்காயம் என் மடியில் விழுந்தன.
வலிக்கு முன்னால் வாசம் வந்தது.
கண்ணீர் எதனால் என்று
ஆம்புலன்ஸ் பையனுக்கும் குழப்பம்.

போலீஸ்காரர் கேட்டபோது
டேஷ்போர்டைத் திறந்து ஒவ்வொரு தாளாக எடுத்தான்:
டயர் கடை ரசீது,
மகளின் தடுப்பூசி அட்டை,
போன வருடத்தோடு முடிந்த காப்பீட்டுச் சீட்டு.
அங்கே இல்லையென்று தெரிந்தே
ஒருவன் இவ்வளவு கவனமாகத் தேடுவதை
அன்றுதான் பார்த்தேன்.

உங்களுக்கென்ன கவலை என்றார்கள்.
பதினோரு வருடம் விடாமல் கட்டியவள்.
மாதம் எண்பத்துநான்கு டாலர்,
அதில் ஆறே கால் டாலர்
காப்பீடில்லாதவன் வந்து இடித்தால் என்பதற்காக.
மழையே பெய்யாத ஊரில்
குடை வாங்கி வைத்தவளின் கர்வம் எனக்கிருந்தது.

வக்கீல், பேனாவை மேசையில் உருட்டியபடி:
"அவனிடம் ஒன்றுமில்லை, யூஃபேமியா.
அவன் இடத்தில் இனி உங்கள் கம்பெனி நிற்கும்.
அவன் என்னென்ன வாதாடலாமோ
அத்தனையும் அவர்கள் வாதாடுவார்கள்."

அவன் எதுவும் வாதாடவில்லையே.
நடுரோட்டில் முட்டி போட்டு
"என் தப்பு, சென்யோரா, என் தப்பு" என்றானே.

கம்பெனி முட்டி போடவில்லை.
ஒமாஹாவிலிருந்து கேரித் என்றொருத்தி பேசினாள்,
காய்ச்சல்காரியிடம் பேசுவது போல அவ்வளவு மெதுவாக.
பிரேக்கை எந்த நொடியில் மிதித்தீர்கள்?
தோள்வலி முன்பே உண்டல்லவா?
ஒன்பது வருடம் முன்னால் வழுக்கி விழுந்தீர்களே?
ஆமாம். பள்ளிச் சமையலறை, பீன்ஸ் வடித்த தண்ணீர்.
நானே மறந்துவிட்டேன்.
வருடம் தவறாமல் பிறந்தநாள் வாழ்த்து
அனுப்புகிறவர்கள் இவர்கள்தாம்.

வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்றாள்.
முந்நூறு பிள்ளைகளுக்கு சூப் கிண்டிய தோள்.
இப்போது என் தலையை வாரிவிட
அடுத்த வீட்டு நேல்டா வரவேண்டும்,
அவள் வராத நாளில் தொப்பி.
இதற்கு எத்தனை, நீங்களே போடுங்கள் என்றேன்.
"ஏழு என்று எழுதிக்கொள்ளட்டுமா?"

பதிவாகிற உரையாடலில் ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
விடாமல் என்றது பொய்.
ஒரு பிப்ரவரி, ஹீட்டர் செத்துப்போயிற்று.
எண்பத்துநான்கு டாலர் அதற்குப் போனது.
மூன்று வாரம், சீட்டு இல்லாமல்,
இதே வால்நட் தெரு முனை வழியாக
போகவும் வரவும் முப்பது தடவை.
ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு.
குறுக்கே யாரும் வரவில்லை,
அவ்வளவுதான்.

பதினேழு மாதம் கழித்துக் காசோலை.
மூன்றில் ஒரு பங்கு வக்கீலுக்கு,
அதைவிடக் கூடுதலாக ஆஸ்பத்திரிக்கு.
மிஞ்சியதில் ஒரு பழைய கார் வரும்,
டயர் வராது.

கடைசித் தாளில்
எழுத்து எறும்பு மாதிரி ஊர்ந்தது.
கொடுத்த தொகையை
ரமிரோவிடமிருந்து வசூலிக்கும் உரிமை
இனி கம்பெனிக்கு.
"இதில் நான் போடாவிட்டால்?"
"காசோலை திரும்பிப் போய்விடும்."

மகளுக்கு இப்போது அடுத்த தடுப்பூசி வயதாகியிருக்கும்.

வலது கை எழும்பவில்லை,
இடது கையால் போட்டேன்.
கோணல் மாணலாக, யாரோ போட்டது போல் இருந்தது.
என் கையெழுத்து மாதிரியே இல்லை என்றேன்.

பரவாயில்லை,
செல்லும் என்றார்கள்.