தூண்டில் பங்களா: தனித்தாள் இணைப்பு

ஐயா,
தங்கள் படிவத்தில் ஆறு கட்டங்கள்.
கட்டிய வருடம், கட்டியவர், பரப்பு, பயன்பாடு,
தற்போதைய நிலை, உரிமை கோருவோர்.
ஒவ்வொன்றும் ஒரு விரற்கடை அகலம்.
பங்களா வைகைக் கரையில்
பேரணைக்குக் கீழே இரண்டு மைல் தள்ளி
நூறு வருடத்துக்கு மேலாக நிற்கிறது.
இடம் போதாததால் இந்தத் தாள்.

கட்டியவர் பேர் பர்ட்விசில்.
எங்கள் ஊர் வாயில் பட்டுவிசில் தொரை.
மலையைக் குடைந்து திருப்பிவிட்ட தண்ணீர்
கோடையிலும் இடுப்பளவு ஓடிய காலம்.
பிரம்பு நாற்காலியை மணலில் போட்டு
தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்.
பயன்பாடு: மீன்பிடி.

உள்ளே இரண்டு பேரேடுகள் இருந்தன.
ஒன்றில் மீன். நீளம், எடை, இரை, சிக்கிய நேரம்.
மற்றதில் ஆள். ராத்திரி எட்டு அடித்ததும்
வராந்தாவில் வரிசையாய் வந்து
பெருவிரலை மையில் அமுக்கி உருட்டிவிட்டு
விடியும்வரை அங்கேயே படுக்கவேண்டிய
எங்கள் ஊர் ஆம்பளைகள், அறுபத்திரண்டு பேர்.
பிறந்த சாதிக்கே திருட்டுப்பட்டம் கட்டிய சட்டம்.
இரண்டு பேரேட்டுக்கும் ஒரே மைக்கூடு.

ஆம்பளைகள் எல்லாம் வராந்தாவில் கிடந்தால்
ஆற்றில் வலை போடுவதை யார் பார்ப்பது?
ஒச்சம்மா, விருமாயி, பின்னியக்காள்
சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்கள்.
கெண்டை, கெளுத்தி, ஒரு தடவை
ஆள் கை நீளத்துக்கு விலாங்கு.
கிழக்கு வெளுக்குமுன் பங்களாவின் பின்கதவு.
சமையல்காரர் சவரிமுத்து
காதும் காதும் வைத்தாற்போல எண்ணி வாங்குவார்.
மீன் ஒன்றுக்கு இரண்டணா, துரை கணக்கு.
பத்து மணிக்குத் துரை தூண்டிலோடு போவார்.
சாயங்காலம் பேரேட்டில் எழுதுவார்
(பள்ளிக்கூடத்து டீச்சர் படித்துச் சொன்னது):
'கெண்டை, ஒன்பது ராத்தல். கடுமையாகப் போராடியது.'

போராடியது மெய்தான்.
விருமாயிக்கு வலது மணிக்கட்டு
கடைசிவரை நேராகவில்லை.

துரை போனார். ரேகைச் சட்டமும் போனது.
மேலே அணை கட்டினார்கள், மீன் அங்கேயே தங்கிவிட்டது.
மீனில்லாத மீன் பங்களாவில்
ஓவர்சீயர்கள் சீட்டாடினார்கள்.
கோழிக்கறிச் சீட்டுகள் ஒரு கட்டு இருக்கிறது,
வேண்டுமானால் அனுப்புகிறேன்.
ஒரு ஐப்பசி வெள்ளத்தில்
நாற்பத்தொரு குடும்பம் பூட்டை உடைத்து ஏறியது.
பதினெட்டு நாள். மூன்று பிரசவம்.
அதில் ஒருத்திக்கு பங்களாமணி என்று பேர்,
இப்போது சோழவந்தான் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
பேரை மாற்றச் சொல்லி
மூன்று மனு போட்டுவிட்டாள்.

தற்போதைய நிலை:
கூரை கிழக்கே ஒழுகுகிறது.
சங்கத்து ஐஸ்பெட்டி மேற்கே.
திங்கள், வியாழன் ஜிலேபிக் கெண்டை ஏலம்.

கொடைரோட்டுக் கம்பெனி ஒன்று
பாரம்பரிய விடுதி நடத்தக் கேட்பதாய் அறிகிறேன்.
அவர்கள் அச்சடித்த படத்தில் ஒரு பரிசல்.
இந்தக் கரையில் எவரும் பரிசல் ஓட்டியதில்லை.

இனி ஆறாவது கட்டம்.
மீன் பேரேட்டைக் கடைசியிலிருந்து புரட்டினேன்.
பென்சிலில், தமிழில், சவரிமுத்து கை:
'ஒச்சம்மா வகை பாக்கி. மீன் பதினொன்று.'
துரை கப்பலேறிய வாரத்துத் தேதி.
இருபத்திரண்டு அணா.
வட்டி நான் போடவில்லை,
தங்கள் அலுவலகம் போட்டுப் பார்க்கலாம்.
உரிமை கோருவோர் என்ற இடத்தில்
அந்த வரியை அப்படியே எடுத்தெழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் திறக்கிறார்களாம்.
தணிக்கைக்கு வருவதானால் அதற்கு முன்னால் வரவும்,
பாதை முங்கிவிடும்.
பின்கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.
அதைக் குறைபாடு என்று எழுதவேண்டாம்.

இப்படிக்கு,
பெ. மொக்கச்சாமி,
எழுத்தர், மீனவர் கூட்டுறவுச் சங்கம்.