வெள்ளிக்கிழமைக் கட்டம்

ஜனவரியில் உப்பெர்னாவிக்கில்
சூரியனுக்கு ஆப்சென்ட் போடுகிறோம்.
காலை பதினொரு மணி. ஜன்னலில் மைப்புட்டி நீலம்.
குழல்விளக்கின் கீழே ஒன்பது பேர்,
எல்லாருக்கும் ஆறு வயது, பாதிப் பேருக்கு முன்பல் இல்லை.
அவர்கள் வாசித்தால் ஸகரம் விசிலடிக்கும்.

எங்கள் சொற்கள் நீளம்.
ஒன்றை எழுதினாலே பலகை தீர்ந்துவிடும்.
மிச்சத்தைச் சுவரில் எழுதுவீர்களா என்று
யுஸ்தூஸ் ஆசையாகக் கேட்பான்.
அதனால் கைதட்டச் சொல்கிறேன்,
அசைக்கு ஒரு தட்டு.
இல்-லு. வீடு. இரண்டு.
கிம்-மெக். நாய். இரண்டு.
இ-லின்-னி-ஆர்-தித்-சி-சோக்.
அது நான், ஆசிரியை. ஏழு தட்டு.
ஐந்தாவதிலேயே யாராவது சிரித்து
நாற்காலியிலிருந்து விழுந்திருப்பார்கள்.

அந்தக் கடைசி ஒலிதான் பாடு.
நாக்கில் கிடையாது அது,
தொண்டைக்கு அடியில், மீன்முள் சிக்கினால்
இருமுகிற இடத்தில் இருக்கிறது.
பேசும்போது தானாக வரும்.
எழுத்தைக் காட்டினால் ஒளிந்துகொள்ளும்.

பனிங்குவாக் மூன்று மாதம் எழுத்தைச் சீண்டவில்லை.
பால் பெட்டியில் மாட்டைப் பார்ப்பாள், பால் என்பாள்.
மாட்டைக் கட்டைவிரலால் மறைத்து
இப்போது என்ன எழுதியிருக்கிறது என்றால்
"உங்கள் நகம்" என்பாள்.
சரியான பதில்தான்.

ஒரு செவ்வாய், சொல்லாமல் கொள்ளாமல்,
மாட்டை மேயவிட்டுக் கீழே இறங்கினாள்.
இம். முக்.
பெட்டியைக் குலுக்கிப் பார்த்தாள்,
சத்தம் உள்ளேயிருந்து வந்ததுபோல.
அன்று முழுக்க எதையும் விடவில்லை:
ரேடியேட்டர், தீயணைப்புக் குடுவை,
யுஸ்தூஸின் பூட்ஸுக்குள் எழுதியிருந்த பெயர்.
அது அவன் அண்ணன் பெயர்.
அவன் மதியம்வரை அவளோடு பேசவில்லை.
நான் காப்பிக்கு இரண்டு சர்க்கரை போட்டுக்கொண்டேன்.

படிக்கத் தெரிந்த கண்ணை மூட முடியும்.
திறந்து வைத்துக்கொண்டு
படிக்காதே என்று சொல்ல முடியாது.
பயிற்சிக் கல்லூரியில் இதை யாரும் சொல்லவில்லை.

அன்றிரவு அவள் வீட்டுச் சமையலறையில்
மீன் கம்பெனி கொடுத்த நாட்காட்டி.
வெள்ளிக்கிழமைக் கட்டத்துக்குள்
அப்பாவின் பென்சில், இரண்டு சொல்.
அம்மா தட்டு கழுவிக்கொண்டிருந்தாளாம்.
முதுகுக்குப் பின்னால் கைதட்டல்.
தார்-தோக். அவர்கள் நாயின் பெயர்.
ஆல்-லாட். துப்பாக்கி.
குழாயை மூடிவிட்டுத் திரும்புவதற்குள்
நாற்காலிமேல் ஏறியிருந்தாள் பெண்.

பன்னிரண்டு வயது நாய், இடுப்பு விழுந்துவிட்டது.
சறுக்குவண்டிக் கயிற்றின் சத்தம் கேட்டால்
முன்பாதி மட்டும் எழுந்து நிற்கும்.
ஊரில் எந்த வீட்டிலும் இதற்கு ஒரே வழிதான்,
குழந்தைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில்.

புதன் காலை அவள் அப்பா வந்தார்,
கையில் கிழித்த மாதம், உடம்பெல்லாம் ஹாலிபட் வாடை.
கட்டத்துக்குள் இடம் போதாமல்
வியாழனையும் மிதித்துக்கொண்டு ஒரு சொல்.
நாமிக்.
கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் இல்லை என்றும்.
முதல் எழுத்து முகம் திரும்பி நின்றது.
கடைசி எழுத்து தாளைக் கிழித்திருந்தது.
நான் அந்தச் சொல்லை இன்னும் நடத்தவில்லை.

"முன்பெல்லாம் சுவரில் எழுதிவைத்தால் போதும்" என்றார்,
"இனி வாயைத் திறந்து சொல்லவேண்டும்."
கோபமா, வேறேதாவதா, குரலில் பிடிபடவில்லை.
வாழ்த்துவதா மன்னிப்புக் கேட்பதா தெரியாமல்
திரும்பி நின்ற எழுத்தைச் சுட்டிக்காட்டப் போனேன்.
நல்லவேளை, காட்டவில்லை.
அவர் ஜனவரியை நாலாக மடித்து
உள்பையில், சிகரெட்டுக்குப் பின்னால் வைத்தார்.

நாயைப் பற்றி நான் கேட்கவில்லை.

திங்களன்று தெற்கே மலைக்குமேல்
நகக்கண் அகலத்துக்கு ஆரஞ்சு.
எல்லாரும் ஜன்னலுக்கு ஓடித் திரும்பிய பிறகு
இன்று எந்தச் சொல் என்று கேட்டேன்.
பனிங்குவாக் கை தூக்கினாள்.
தார்தோக்.
பலகையில் எழுதினேன். கை கொஞ்சம் மெதுவாகப் போனது.
தார். தோக்.
ஒன்பது பேரும் தட்டினார்கள், இரண்டு.
தொண்டைக்கு அடியிலிருந்து அந்தக் கடைசி ஒலி
எல்லாருக்கும் சுத்தமாக வந்தது.
அவள் மட்டும் மூன்றாவது தட்டுக்குக் கை விரித்து,
சேர்க்காமல்,
மடியில் வைத்துக்கொண்டாள்.