துலி, தூலி, துல்லி

எங்களுக்கு நடுவில் ஒரு கண்ணாடித் தகடு.
கண்ணாடி இல்லை, அக்ரிலிக். விழுந்தால் உடையாது.
இரண்டு முறை விழுந்திருக்கிறது, என் கையிலிருந்து.
எழுத்துகள் கொத்துக் கொத்தாய், வண்ணம் வண்ணமாய்.
இர்யா முதலில் கொத்தைப் பார்ப்பார், பிறகு நிறத்தை.
ஓர் எழுத்துக்கு இரண்டு பார்வை.
இந்தப் பக்கம் நின்று
அவர் கண் போன இடத்தை நான் உரக்கச் சொல்வேன்.
இதற்கு எனக்குச் சம்பளம் உண்டு.

கண்ணசைவில் பேசும் கணினி
பழுதுபார்க்க ஹெல்சிங்கி போய் ஐந்து வாரம்.
இர்யாவுக்கு அதில் பெரிய வருத்தமில்லை.
திறந்ததும் அது நீட்டுகிற முதல் பக்கம்:
தண்ணீர், வலி, நன்றி, கழிப்பறை.
பனியுடைக்கும் கப்பலில்
முப்பத்தொரு வருடம் சமைத்தவர்,
அலையில் சாய்ந்த அண்டாவையும் மாலுமிகளையும்
ஒரே வசவில் நிமிர்த்தியவர்,
ஒரு நாளைக்கு எத்தனை நன்றிதான் சொல்வார்?

ஓலு நகராட்சி, இரண்டாம் மாடி, ஜனவரி.
அதிகாரி நல்ல மனிதர்.
"இவங்களுக்கு எந்த மாதிரி அறை வேணும்?" என்றார்
என்னைப் பார்த்து.
நான் இர்யாவைப் பார்த்தேன்.
அவர் அப்போதும் என்னையே பார்த்தார்.
தகட்டைத் தூக்கினேன்.

த்.
உ.
மறுபடி அதே உகரத்தில் கண்.
களைத்த பார்வை அங்கேயே தங்கிவிட்டது என்று
நானே முடிவுசெய்து நகர்ந்தேன்.
ல்.
இ.
"துலி," என்றேன். "நெருப்பு. குளிருதாம்.
நல்ல கணப்பு இருக்கிற அறையா வேணுமாம்."
அதிகாரி நிம்மதியாகக் குறித்துக்கொண்டார்.
இர்யா கூரையைப் பார்த்தார்.
கூரை என்றால் இல்லை.

எங்கள் மொழி அப்படி.
துலி, நெருப்பு.
உகரத்தில் இன்னொரு மூச்சு நின்றால் தூலி, காற்று.
லகரத்தை அழுத்தினால் துல்லி, சுங்கச்சாவடி.
அவசரத்தில் நான் ஓர் எழுத்தை விழுங்கினால்
ஒருத்தி தப்பான வீட்டில் கிடந்து சாக வேண்டும்.

"தவறு என்னுடையது," என்றேன்.
"அவர் சொன்னது காற்று."
பிறகு இர்யா எழுதினார். நான் வாயை எழுத்துக்கு மட்டும் திறந்தேன்.
பாதிச் சொல்லில் முழுச் சொல் தெரிந்தது,
நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்தது,
அங்கேயே உட்காரட்டும் என்று விட்டேன்.
வெளியே யாரோ பனி வாரினார்கள். காபி ஆறிப்போனது.
அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார்,
அப்புறம் பேனாவைக் கீழே வைத்தார்.

ஜன்னல் திறக்குமா.

"இல்லை," என்றார் அவர், முதல் முறையாக இர்யாவிடம்.
"பாதுகாப்பு விதி."

அப்படியானால் வேண்டாம்.

"நிச்சயமா சொல்றாங்களா?" கேள்வி திரும்ப என்னிடம்.
நான் மேசைக்காலாக நின்றேன்.
மேசைக்காலிடம் எவ்வளவு நேரம்தான் பதில் எதிர்பார்ப்பது?
நாற்காலியை உருட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.
குனிந்தார். "நிச்சயமா?"
இர்யா இமைகளை மூடி, மெதுவாகத் திறந்தார்.
வேறு கட்டடம் தேடுவதாகச் சொன்னார்.
தேடுவாரா தெரியாது.

பேருந்து நிறுத்தத்தில் மைனஸ் பதினேழு.
இர்யாவின் சால்வை நுனி காற்றில் படபடத்தது.
"இன்னைக்கு அவசரப்பட்டுட்டேன்," என்றேன்.
தகட்டைத் தூக்கச் சொல்லிக் கண்காட்டினார்.
என் மூச்சே அதில் உறைந்தது.
கையுறையால் துடைத்து, துடைத்து,
நான்கு எழுத்து ஆனபோது எட்டாம் எண் வந்தது.
ஓட்டுநர் சரிவுப் பலகையை இறக்கினார்.
சொல் இன்னும் முடியவில்லை.
நான் தலையசைத்தேன். எட்டாம் எண் போனது.
அடுத்தது இருபது நிமிடம் கழித்து.

அந்தச் சொல்லை இங்கே எழுத எனக்கு அனுமதியில்லை.
தொழில் ரகசியம், கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
கப்பல் சமையலறையில் பழகிய சொல்
என்பதுவரை சொல்லலாம்.
அந்தக் கணினியின் எந்தப் பக்கத்திலும் அது இல்லை.
கடைசி எழுத்துவரை நான் எதையும் ஊகிக்கவில்லை.
ஊகித்திருக்கவும் முடியாது.