இறங்காத பள்ளம்

கடலூரில் மலை இருக்கிறது என்று
கடலூரில் இருக்கிறவர்களே நம்பமாட்டார்கள்.
கேப்பர் மலை.
பேருந்து மூச்சு வாங்காமல் ஏறிவிடும்.
முந்திரித் தோப்பு, செம்மண், சிறைச்சாலையின் நீண்ட மதில்,
அதற்கும் அப்பால்
மழை தோண்டிப் போட்ட சிவப்பு ஓடைகள்.
அங்கேதான் முகாம். மே மாதம், நான்கு நாள்,
சைக்கிள் அவர்களே தருவார்கள்.

கோத்தகிரியிலிருந்து வந்த போஜன்
வேனைவிட்டு இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"மலை எப்போ வரும்?"
நிற்பதே மலைமேல்தான் என்றதும்
"எங்க ஊர்ல இதுக்குப் பேரு வேகத்தடை" என்றான்.
அவனை எனக்கு அன்றைக்கே பிடிக்காமல் போனது.

எனக்கு வந்தது பதினேழாம் எண் வண்டி.
முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த கால்கள்,
அழுத்தினால் பெருமூச்சு விட்டன.
ஹெல்மெட்டுக்குள்
போன வருஷத்துப் பிள்ளை யாருடையதோ
தேங்காயெண்ணெய் வாசம்.

ஃபிலோமின் அக்காவுக்கு இருபத்து மூன்று வயது,
முழங்கையில் புதுத் தையல்.
"எதைப் பார்க்கிறியோ அங்கதான் வண்டி போகும்.
மரத்தைப் பார்க்காதே."
சொன்ன நிமிஷத்திலிருந்து
அந்தத் தோப்பில் மரத்தைத் தவிர
எதுவும் தெரியவில்லை எனக்கு.

மூன்றாவது ஓடையின் தலைப்பில் ஒரு பள்ளம்.
பக்கத்தில் நின்று பார்த்தால்
ஆள் உயரம்கூட இல்லை.
சீட்டில் உட்கார்ந்து பார்த்தால்
சக்கரத்துக்குப் பிறகு பூமியே இல்லை.
பரங்கிப்பேட்டை நூருன்னிசா முதல் நாளே இறங்கினாள்.
போஜன் விசிலடித்துக்கொண்டே இறங்கினான்.
பன்னிரண்டு பேரும் இறங்கி, புழுதிக்குள்ளிருந்து
வா வா என்று கையாட்டினார்கள்.
பிரேக்குக்கு ஒரு விரல் போதும் என்றிருந்தார்கள்,
நான் எட்டு விரலாலும் பிடித்தபடி நின்றேன்.
பிறகு வண்டியைத் தோளில் தூக்கி
ஆட்டுத் தடம் வழியாகச் சுற்றி இறங்கினேன்.

இரண்டாம் நாளும் ஆட்டுத் தடம்.
மூன்றாம் நாள் ஆடுகளே ஒதுங்கி வழிவிட்டன.

ராத்திரி கூடாரத்தில் கண்ணை மூடினால் பள்ளம்.
அதன் உதட்டில் நீட்டிக்கொண்டிருந்த வேர்,
இடப்பக்கம் தேனடை மாதிரி துளை விழுந்த கல்,
நடுவில் பன்னிரண்டு வண்டி தேய்த்த பளபளப்பு.
இறங்கியவர்கள் யாருக்கும்
அதை இவ்வளவு தெரிந்திருக்காது.
நாளைக்கு, என்று சொல்லிக்கொண்டேன்.
சத்தியமாய் நாளைக்கு.

அன்றைக்குத்தான் கோடை மழை பெய்தது.
முளைகள் பிடுங்கிக்கொள்ள
ஈரக் கூடாரத்தை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து
விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.
போஜன் முதல்முறையாய்
எதையும் எதோடும் ஒப்பிடவில்லை.

காலையில் போய்ப் பார்த்தால்
பள்ளம் இல்லை.
வேர் இல்லை, கல் இல்லை.
ஓடைவாய் இடிந்து, குழம்பாய்ப் பரவி
வெறும் சரிவாய்க் கிடந்தது.
குழந்தையின் மூன்று சக்கர வண்டிகூட இறங்கும்.
எல்லோரும் அடடா என்றார்கள்.
அழுதது நான்தான்.
அவர்களுக்கு அது செய்து முடித்த காரியம்.
மூன்று நாளாய்த் தூக்கிச் சுமந்த பயத்தை
நான் இனி எங்கே கொண்டுபோய் இறக்குவது?

நூருன்னிசா என்ன சொல்வதென்று தெரியாமல்
பாதி முந்திரிப்பழம் தந்தாள்.
தொண்டை காறியது. அதற்கும் சேர்த்து அழுதேன்.

சான்றிதழில்
"வெற்றிகரமாக நிறைவு செய்தார்" என்று போட்டிருந்தது.
என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
இரண்டையும் திருத்தச் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து
அண்ணனின் பழைய சைக்கிளில்
கேரியரில் இட்லி மாவுத் தூக்கோடு
லாரன்ஸ் ரோட்டில் வருகிறேன்.
வேகத்தடை.
யாரும் சொல்லாமலே
பெடல் இரண்டும் மட்டமாய் நின்றன,
இடுப்பு சீட்டைவிட்டு எழுந்தது,
கண் அதைத் தாண்டி, பழக்கடையைத் தாண்டி
எங்கோ போய் நின்றது.

தூக்கு மட்டும் கவிழ்ந்தது.
கால் படி மாவு ரோட்டில்.
நான் சிரித்ததைப் பார்த்து
பழக்கடைக்காரர் என்ன நினைத்தாரோ,
ஒரு பழைய பேப்பரை நீட்டினார்
கை துடைத்துக்கொள்ள.