பத்தொன்பதுக்குக் கீழே

புயல் போன பதினோராம் நாள்
சேன்-ழோசெஃபில் பாதிச் சாலைகள் இன்னும் பச்சையாகக் கிடக்க
எங்கள் சிப்பர் செத்துப்போனது,
பாதி மென்ற சவுக்குக் கிளை வாயில் இருக்கையிலேயே.

இருபத்தேழு வயது டீசல்.
காலையில் கிளப்பினால்
ஒரு கறுப்புச் சட்டையை உதறி மாட்டிக்கொள்ளும்.
எதிர்வீட்டு மதாம் திஜூ
கொடியிலிருந்த துணிகளை அள்ளிக்கொண்டு ஓடுவாள்.
அவள் ஓடினால் மணி ஏழு.

சேன்-பியேர் கடையில் திபோ
மூன்று சிப்பர்களை வரிசையாக நிறுத்தியிருந்தான்.
மூன்றுக்கும் ஒரே பல், ஒரே தொண்டை.
வயிறுதான் வேறு.

முதலாவது பெரிய டீசல்.
புகைக்குழாயில் வடிகட்டி உண்டு,
கரியைச் சேர்த்து வைத்து, நிறைந்ததும்
தானே எரித்துக்கொள்ளும் என்றான்.
அப்போது நாங்கள்?
அரை மணி நேரம் நிற்க வேண்டும், மதாம்.
நிற்காவிட்டால்?
ஆரஞ்சு விளக்கு சிவப்பாகும். என்னைக் கூப்பிட வேண்டும்.
விலையையும் சொன்னான்.
எக்ஸ்பெதி தொப்பியைக் கழற்றினான்,
சாவு வீட்டில் கழற்றுவது போல.

இரண்டாவது பெட்ரோல்.
எடை குறைவு, விலை குறைவு,
மலைச்சாலையில் இழுக்கச் சுகம்.
நிறையக் குடிக்குமா என்றேன்.
திபோ கூரைத் தகரத்தைப் பார்த்தான்.

மூன்றாவது சின்ன டீசல்,
பதினெட்டரை கிலோவாட்.
அதென்ன அரை?
பத்தொன்பதில் ஒரு கோடு இருக்கிறது, மதாம்.
அதற்கு மேலே போனால்
புகையின் துகளை எண்ணுவார்கள்.
கீழே என்றால் நிறுப்பதோடு சரி.

எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ
நிலைப்படியின் உயரத்தை அளந்துவிட்டு
ஒரு இன்ஜினுக்குக் குனியக் கற்றுத்தந்திருக்கிறார்கள்.

பழைய இன்ஜினையே பிரித்துச் சரிசெய்தால்
தப்பா என்று எக்ஸ்பெதி கேட்டான்.
தப்பேயில்லை, முசியே கூப்பமா.
சட்டம் பிறப்பைத்தான் விசாரிக்கும்,
ஏற்கெனவே மூச்சுவிடுவதை ஒன்றும் கேட்காது.
அப்படியானால் அதற்கு பிஸ்டன்?
அதுதான் கிடைக்காது.

இதே புயல் எங்களுக்கு முந்தின நாள்
மொரீஷியஸைத் தாண்டித்தான் வந்தது.
அங்கே விழுந்த மாமரங்களுக்கு
இதே பல்லோடு, இதே தொண்டையோடு
எந்த வயிறு போயிருக்கும்?
கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.
வங்கிக்காரி போன் எடுத்தாள்.

குனிந்ததை வாங்கினோம்.

மனப்பனியில் முதல் பலாக்கிளை.
விழுங்கியது, முனகியது,
உருளைகளை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கியது.
எக்ஸ்பெதி மறுமுனையைப் பிடித்தபடி நின்றான்,
விருந்தாளியின் குடையை வாங்கியவன்
எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பது மாதிரி.
பெரிய வடிகட்டிக்கு ஒரேயடியாக அரை மணி.
இது அதையே
அரை அரை நிமிடமாக வாங்கிக்கொள்கிறது.
அன்று மாலை கணக்குப் போட்டேன்,
பிறகு அந்தத் தாளையே காதலிப்பவள்போல் மடித்து மடித்து
உறைக்குள் ஒளித்தேன்.

மறுநாள் காலை ஏழு.
சிப்பர் கிளம்பியதும் மதாம் திஜூ ஓடிவந்தாள்,
துணிகளை அள்ளினாள்,
திரும்பிப் பார்த்தாள்.
கையில் ஈரத்துணியோடு
வெறும் காற்றைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள்.
ஒவ்வொன்றாக மறுபடி உலர்த்தினாள்,
எங்கள் பக்கம் முகம் காட்டாமல்.

வெள்ளிக்கிழமை சில்லறை மாற்றும் சாக்கில்
அவள் முற்றத்துக்குப் போனேன்.
வெள்ளைப் போர்வை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.
அவள் உள்ளே போன நேரம் பார்த்து
அதன் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தேன்.
நிறுத்தால் ஒன்றுமில்லை.
எண்ணும்படி என்னிடம்
யாரும் கேட்கவில்லை.

தெருவிலிருந்து எக்ஸ்பெதி கத்தினான்,
மூச்சு வந்துவிட்டது,
அடுத்த கிளையைத் தரட்டுமா என்று.